அணியத்துல நிக்கிறவர்

சாயல்குடியில இருந்து கடற்கரைப் பக்கம் போனா மூக்கையூர், முந்தல். முந்தலுக்கு எதிரே நல்லதண்ணித் தீவு.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள்ல ஒண்ணு. 1986ல இந்தத் தீவுகள் எல்லாம் சேர்ந்து கடல்வாழ் தேசியப் பூங்கா ஆச்சு. அனுமதி இல்லாம இறங்க முடியாது.

இந்த வளைகுடாவின் பவளப்பாறைகளைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்டபம் மையமும் பல வருஷமா ஆராய்ஞ்சுட்டு வர்றாங்க. ஆய்வாளர்களைக் கூட்டிட்டுப் போக ஒரு படகு வேணும். படகுல கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்.

அந்த ஆளைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

பாறை நெருங்கினதும் அவர் அணியத்துக்கு, அதாவது படகோட முன்பக்கத்துக்குப் போயிடுவார். தண்ணி வெளுத்துத் தெரிஞ்சா மணல். கறுத்துக் கிடந்தா பாறை. மணல் பார்த்துத்தான் நங்கூரம் இறக்கணும்.

நங்கூரம் தவறி மான்கொம்புப் பவளத்து மேல விழுந்தா, பல வருஷமா வளர்ந்த கிளை ஒரு நொடியில நொறுங்கிடும்.

2010லயும் 2016லயும் கடல் சூடாகி இங்கே பவளங்கள் வெளுத்துப் போச்சு. அதுல பிழைச்சதை நங்கூரம் உடைக்கக் கூடாதுல்ல?

ஆய்வாளர்கள் முங்கின பிறகும் அவருக்கு ஓய்வில்லை. கண்ணு முழுக்க மேல வர்ற காத்துக் குமிழிலயே இருக்கும். குமிழி நகர்ற திசை, நீரோட்டம், கச்சான் காத்து எப்போ வேகம் பிடிக்கும்... எல்லாத்தையும் அவர்தான் பார்க்கணும். ஏறி வர்றவங்ககிட்ட முதல்ல நீளுறதும் அவர் கைதான்.

பவளம் பத்தின ஆய்வறிக்கையைப் படிச்ச நண்பர்களே, படகுல கயிறு பிடிச்சவர் பேரை அதுல எங்கயாவது பார்த்திருக்கீங்களா?