கழுவிய நீர் எங்கே போகிறது?

மதரஸாவில் ஃபிக்ஹுக் கல்வி தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறது. தொழுகைக்கு முன் உளூ. உளூவுக்கு முன் நீர். எந்த நீர் தூய்மை தரும், எது தானே தூயதாயிருந்தும் பிறவற்றைத் தூய்மைப்படுத்தாது, எது நஜீஸ் என்பதையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனனம் செய்துவிட வேண்டும். நிறம், மணம், சுவை என்னும் மூன்றில் ஒன்று மாறினாலும் நீரின் நிலை மாறிவிடும் என்பதும், பத்து முழத்துக்குப் பத்து முழம் உள்ள ஹவுளின் ஓரத்தில் சிறிது அசுத்தம் விழுந்தால் மறுபுறத்து நீர் கெடாது என்பதும் நாங்கள் அன்று பாடமாகச் சொன்னவை.

நான் ஓதியது பாலாற்றங்கரை ஊரொன்றில். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போன எனக்கு அந்த ஆறு வியப்பாக இருந்தது. எங்கள் ஊரில் ஆறு என்றால் நீர். அங்கே ஆறு என்றால் மணல். மணலுக்கடியில்தான் நீர் ஓடிற்று. அந்த ஊரின் பெருமை தோல். எங்களுக்கு மூன்று வேளைச் சோறும், போர்வையும், கிதாபுகளும் தோல் வணிகர்களின் சந்தாவிலிருந்தே வந்தன. அவர்கள் கொடையாளிகள், தொழுகை தவறாதவர்கள். இதை நன்றியோடுதான் எழுதுகிறேன். உண்ட சோற்றை மறந்து பேசுகிறவன் அல்லன் நான்.

ஒருநாள் தபாகத் என்னும் பாடம் நடந்தது. பதனிடப்பட்ட தோல் தூய்மை பெறுகிறது என்னும் சட்டத்தை உஸ்தாது விளக்கினார்கள். அப்பொழுது எங்களுள் ஒருவன், "ஹஜ்ரத், தோல் தூய்மையாகிவிட்டது. அதைக் கழுவிய தண்ணீர்?" என்று கேட்டான். உஸ்தாது சிறிது நேரம் பேசாதிருந்தார்கள். பின்பு, "அது நஜீஸ்தான். அதை எங்கே ஊற்றுகிறோம் என்பதுதான் கேள்வி" என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள். கேட்டவன் நான் அல்லன். நானாக இருந்திருக்கலாகாதா என்று இந்த வயதில் எண்ணுகிறேன்.

முன்னோர் காலத்தில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோலைப் பதனிட்டார்கள். அந்தக் கழிவும் நாறும். ஆனால் மண் அதனை ஓரளவு செரித்துக்கொள்ளும். பின்னர் குரோம் வந்தது. வேலை விரைந்தது, ஏற்றுமதி பெருகிற்று. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் படித்தேன். அந்த 35 லிட்டரும் உப்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு எங்கோ போயாக வேண்டும். அது போன இடம் ஆற்று மணலும் பக்கத்து வயலும் அண்டை வீட்டுக் கிணறும்.

எனக்கு இது ஏட்டுச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை. என் மூத்த சகோதரியைத் திண்டுக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதினார். விடுமுறையில் நான் போகும்போது வீட்டுக் கிணற்றில் நீர் நிறைந்திருக்கும். அக்காளோ இடுப்பில் குடத்தோடு தொலைவுக்குப் போவார்கள். கிணற்று நீரில் காய்ச்சினால் பால் திரிந்துவிடும், பருப்பு வேகாது. மச்சானிடம் கேட்டேன். "சம்பளம் கொடுக்கிற இடம் தம்பி, அதைப் பற்றிப் பேசாதீர்கள்" என்றார். நானும் பேசவில்லை.

வேலூர்க் குடிமக்கள் சிலர் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கிற்று. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகிய ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் மாசு அபராதம் செலுத்த வேண்டும்; கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைத் தனியாகவோ கூட்டாகவோ செய்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்ற பின்னரே இயங்க வேண்டும் என்று அது கூறிற்று. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரத்துப் பதின்மூன்று ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆராய்ந்த 467 கிணறுகளுள் 350 கெட்டுவிட்டன என்னும் கணக்கும் அத்தீர்ப்பிலே இருக்கிறது. என் அக்காளின் கிணறு அந்தக் கணக்கில் சேர்ந்ததோ இல்லையோ, இருக்க வேண்டிய இடம் அதுவே.

தீர்ப்பு வந்தபோது நம்மவருள் பலர், "நம் சமுதாயத்தின் கையிலிருக்கும் ஒரே பெருந்தொழில் மீது கை வைத்துவிட்டார்கள்" என்று வருந்தினார்கள். நானும் அப்படியே எண்ணினேன். ஒரு கூட்டத்தில் அவ்வாறு பேசவும் செய்தேன். கூட்டம் முடிந்து வீடு வந்தபோது, அக்காள் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். "தொழிற்சாலை நம்மவருடையது என்றாய் தம்பி. கிணறு யாருடையது?" என்றார்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை. வாசகர்களே, ஷாப்பும் நம்முடையதாக இருக்கலாம். கெட்ட கிணற்றில் நீரிறைத்தவர்களுள்ளும் நம்மவர் இருந்தார்கள். இரண்டையும் ஒரே வாயால் பேசுவதற்கு நாம் பழகவில்லை.

மச்சான் காலமான பின் அக்காளையும் மகனையும் உத்தமபாளையத்துக்கே அழைத்துக்கொண்டேன். அந்த மகன்தான் சென்ற ஆண்டு ஒரு மாலையில் என்னிடம் வந்தான். நூல் வியாபாரத்தில் நன்கு முன்னேறியவன். "மாமா, நூலைச் சாயத்துக்கு வெளியூர் அனுப்பியே இலாபமெல்லாம் போகிறது. நன்னா வைத்துவிட்டுப் போன தோட்டத்தில் சிறியதாக ஒரு சாயப்பட்டறை போடலாமென்றிருக்கிறேன். நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது. ஒரு கையெழுத்து வேண்டும், துஆவும் வேண்டும்" என்றான்.

அந்தத் தோட்டம் ஆற்றங்கரையை ஒட்டியது. 1895இல் பெரியாறு அணை நிறைவேறியதனால் மலைக்கு மேற்கே போன நீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி இப்பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலும் அதனால் வாழ்வது. எங்கள் மடைகளைத் தாண்டிய நீர் வைகையோடு கூடி, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரை நகருக்குக் குடிநீராகிறது. எங்கள் வாய்க்காலில் ஒருவன் ஊற்றுவதை, அவனை அறியாத ஒருத்தி மதுரையில் குடத்தில் பிடிக்கிறாள்.

"வாரியத்தின் இசைவாணைக்கு என்ன செய்வாய், மாப்பிள்ளை?" என்றேன்.

"சின்னப் பட்டறைதானே மாமா. நூல் கழுவுகிற இடம் என்று எழுதிக்கொள்ளலாம். வந்து பார்க்கிறவர்களும் எப்போதோ ஒருமுறைதான் வருகிறார்கள். அன்றைக்குச் சுத்திகரிப்பை ஓட்டினால் போயிற்று."

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டு, அந்தச் சட்டத்தை ஒரு கிதாபை ஓதுவது போல் ஓதினேன். நாடாளுமன்றம் 1974இல் இயற்றிய நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அது. அமெரிக்காவில் குயஹோகா ஆற்றின் மீது மிதந்த எண்ணெய்க் கழிவு 1969இல் தீப்பற்றியதும், அனுமதிச் சீட்டின்றி ஆற்றில் கழிவு விடலாகாது என்று 1972இல் அங்கே சட்டம் வந்ததும் அந்தக் காலத்துச் செய்திகளே. தமிழ்நாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. தொழிலை நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு மற்றொன்று. எவ்வளவு நீர் வெளியேறலாம், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கலாம் என்பது அதில் எழுதப்படும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 30 மில்லிகிராம் ஆகியவை மேல்வரம்புகள். நம் ஃபகீஹுகள் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் பார்த்தார்கள். அவர்கள் காலத்து அசுத்தத்துக்கு அது போதும். இரண்டு மில்லிகிராம் குரோமியம் கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அலுவலர் தாமாக ஒரு புட்டியை நிரப்பிக்கொண்டு போய்விட முடியாது. அறிவிப்புக் கொடுத்து, உரியவர் முன்னிலையில் மாதிரியை இரண்டு பங்காக்கி, முத்திரையிட்டு, இருவரும் ஒப்பமிட வேண்டும். சாட்சியின்றித் தீர்ப்பில்லை என்று ஓதியவனுக்கு இதன் நியாயம் புரியும். அளவை மட்டும் விதித்துப் பயனில்லை என்பதும் புரிந்தது. கிணற்று நீரைக் கலந்துவிட்டால் எந்தக் கழிவும் வரம்புக்குள் வந்துவிடும். ஆற்றுக்குப் போகும் உப்போ ஓர் எள்ளும் குறையாது. ஆகவேதான் செறிவோடு நீரின் அளவையும் விதித்து, குழாயில் மானி பொருத்தச் சொல்கிறார்கள். மிகுதியாக மாசுபடுத்தும் பதினேழு வகைத் தொழில்களில் இரவும் பகலும் தானே அளந்து அனுப்பும் கருவிகளை வைக்குமாறு மத்திய வாரியம் 2014இல் பணித்தது. பெரிய ஹவுளின் சட்டத்தை ஆற்றுக்குப் பொருத்தி, "என்னுடையது சிறிதுதானே" என்று ஒவ்வொருவரும் சொன்னால், சிறிதுகளைக் கூட்டிப் பார்க்க ஒருவர் வேண்டாமா? இசைவாணையின் வேலை அதுவே.

சாயத்தின் கதையும் நம் நாட்டிலேயே நடந்ததுதான். பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு சேர்க்கிறார்கள். நிறத்தை நீக்கலாம், உப்பு எளிதில் நீங்காது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியது; பாசனத்துக்கென 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. வேலையிழந்தோர் பட்ட துன்பம் சிறிதன்று. முதலிலேயே கணக்குக் கேட்டிருந்தால் முடிவில் கதவடைக்க வேண்டியிருந்திராது.

சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் கடமை தீர்ந்ததாகவும் ஆகாது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். பாலாற்று மக்களுக்கு இழப்பீடு கணக்கிடும் ஆணையம் ஏறத்தாழ 29,000 பேருக்கு 2001இல் ஈடு விதித்தது. அதன் பின்னும் வழக்கு ஓயவில்லை. எஞ்சியோருக்கு இழப்பீட்டை அரசு கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டுமென்றும், நிலைமையைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க வேண்டுமென்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் சொல்ல நேர்ந்தது. 1991இல் கேட்ட கேள்விக்கு முப்பத்துநான்கு ஆண்டு.

இரண்டு வாரம் கழித்து அவனை அழைத்தேன். ஆறு, ஓடை, அணை ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழில்கள் வரலாகாது என்று 1989இலும், வைகை முதலிய ஆறுகளுக்கு ஐந்து கிலோமீட்டர் என்று 1998இலும் தமிழக அரசு ஆணையிட்டதைக் காட்டினேன். பிறகு அவன் சிறுவயதில் என் மடியிலிருந்து கேட்ட கதையை நினைவூட்டினேன். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பாலில் நீர் கலக்கச் சொன்ன தாயையும், கலீஃபா காணாவிட்டாலும் இறைவன் காண்கிறான் என்று மறுத்த மகளையும் சுவருக்கு வெளியே நின்று கேட்ட கதை அது. நாம் எப்போதும் அந்த மகளைத்தான் புகழ்கிறோம். அதே வீட்டில் தாயும் இருந்தாள் என்பதை மறந்துவிடுகிறோம். உமர் (ரலி) ஆண்ட நகரிலேயே இரவில் ஒருவர் சுற்றிவர வேண்டியிருந்தது. தக்வா மகளுக்குப் போதும். தாய்க்கு நகர்வலம் வேண்டும். எனக்குள்ளும் உனக்குள்ளும் இருவருமே இருக்கிறார்கள் என்றேன்.

அவன் முகம் கடுத்தது. "ஊரில் எல்லாரும் பிழைக்கிறார்கள். எனக்கு மட்டும் கிதாபைத் திறக்கிறீர்கள்" என்றான். அதில் உண்மை இல்லாமலில்லை. தோல் வணிகரின் சோற்றை உண்ட நாளில் நான் கிதாபைத் திறக்கவில்லை. அதை அவனிடம் ஒப்புக்கொண்டேன். அப்பொழுது உள்ளிருந்து அக்காள் வந்தார்கள். "தம்பி, கையெழுத்துப் போடுவதானால் போடு. ஆனால் முதலில் அந்தத் தோட்டத்துக் கிணற்றை மண் போட்டு மூடிவிடு. இன்னொரு பெண் அதை எட்டிப் பார்த்துக்கொண்டு தொலைவுக்குக் குடம் தூக்க வேண்டாம்" என்றார்கள். மகன் தலை குனிந்தான்.

சில மாதம் அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெருநாளன்று வந்தான். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு பட்டறையில், வேறு மாவட்டத்தில், பங்கு கேட்டிருப்பதாகச் சொன்னான். கூலி கூடுதல், இலாபம் குறைவு. அவர்களுடைய இசைவாணையின் நகலை என்முன் வைத்து, "ஓதிப் பாருங்கள் மாமா" என்றான். மூக்குக்கண்ணாடியை அணிந்து ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்தேன். எனக்கு விளங்காத இடங்களை அவன் விளக்கினான். இறுதியில் ஒன்று மட்டும் கேட்டேன்: "யாரும் வராத இரவில் இந்த மானி ஓடுகிறதா என்று நீ போய்ப் பார்ப்பாயா?" பார்ப்பதாகச் சொன்னான்.

அவனுக்காகத் துஆச் செய்தேன். தோட்டத்துக் கிணறு திறந்தே இருக்கிறது.