காக்கிக்கு காக்கியே காது கொடுத்தால்..?

நியூயார்க் போலீஸில் 1994, 1995 இரண்டே வருடங்களில் 26 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பின் 1996-ல் 'பாப்பா' என்றொரு அமைப்பு உருவானது. (சத்தியமாக அதுதான் பெயர்!) மனசு விட்டுப் பேச நினைக்கும் போலீஸாருக்குத் துணையாக வருபவரும் போலீஸ்தான். ஆனால், அமைப்பு துறைக்குக் கட்டுப்பட்டதல்ல. பேசியது மேலதிகாரி காதுக்குப் போகாது. எனக்கு இந்த ரகசியம்தான் முக்கியமாகப் பட்டது.

ஏட்டாக இருக்கும் என் சித்தப்பாவிடம் சொன்னேன். "மனசு சரியில்லைனு நான் வாயைத் திறந்தா, சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷன் பூரா தெரிஞ்சிடும்மா. அப்புறம் எவன் மதிப்பான்?" என்றார்.

'டெலிமானஸ்' இலவச ஆலோசனை எண் 14416-ஐக் குறித்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"எடுக்குறவங்க ராத்திரி பந்தோபஸ்துல நின்னிருக்காங்களா?"