தாலி கட்டும் காட்சி எந்த பிளேயரில் ஓடும்?

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. மேசை முழுக்கக் கழற்றிப் போட்ட லேப்டாப்புகள். அவற்றில் சிலவற்றின் மூடியில் தமிழக அரசு முத்திரை. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. கடைக்காரத் தம்பி அவற்றுக்கு ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, இன்னும் ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்க எந்த மென்பொருளைப் போடலாம் என்று கேட்கத்தான் போயிருந்தேன். எனக்கு முன்னால் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து வைத்தார்.

“மக கல்யாணம் தம்பி. டிவிடி பிளேயர் செத்துப்போச்சு. பையன் புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்கான், டிரைவும் தனியா வாங்கிட்டான். உள்ள போட்டா கர்ருங்குது, படம் வரமாட்டேங்குது.”

“தட்டுல கோளாறு இல்லைங்கய்யா. அந்தக் கூம்பு பிளேயர் போட்டு விடுறேன், ஓடும்.”

கூம்பு என்றால் விஎல்சி. இந்தக் கடைக்கு வருகிறவர்களில் பலருக்குப் பெயர் தெரியாது, ஆரஞ்சுக் கூம்பு தெரியும். திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில் வேலை நடக்கும்போதெல்லாம் வரிசையாக நிற்குமே, அதே கூம்புதான். பாரிஸை ஒட்டிய எகோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள், விடுதி நெட்வொர்க்கில் டிவி பார்ப்பதற்காக 1996-ல் தொடங்கிய வேலை அது. தெருவிலிருந்து கூம்புகளைத் தூக்கிவந்து சேர்த்துவைக்கும் பழக்கம் அந்தப் பையன்களுக்கு இருந்ததாம், அதுவே சின்னமாகிவிட்டது. 2001-ல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்றுவரை விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது.

பெரியவர் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் படம் வராததற்குக் காரணம் எளிது. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்தே டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகச் சேர்ப்பதில்லை. டிவிடியின் எம்பெக்-2 வடிவத்துக்கு ஒவ்வொரு கணினிக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டியிருந்தது. தட்டு போடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். விஎல்சி அந்த வித்தையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

கடைத் தம்பி செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பிடித்தது. டிவிடி முழுவதையும் முதலில் ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்தார். உள்ளே ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர். அதில் வரிசையாக வாப் கோப்புகள். ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள் வெட்டப்பட்டிருக்கும். முதல் கோப்பை மட்டும் சொடுக்கினால் மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல் எல்லாம் ஓடி, தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் நின்றுவிடும். ஃபோல்டரை அப்படியே விஎல்சிக்குள் இழுத்துப் போட்டால்தான் மெனுவோடு முழுக் கல்யாணமும் வரும். மாலை மாற்றும்போது கை அசைந்த இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தது. பழைய டிவிக்காக ஒற்றைப்படை வரியையும் இரட்டைப்படை வரியையும் தனித்தனியாகப் பிடித்த படம் அது. தம்பி ‘டி’ விசையைத் தட்டினார், கோடு மறைந்தது. பெரியவர், “அட, நம்ம சின்னசாமி நிக்கிறாரு பாரு!” என்று திரையைத் தொட்டே காட்டினார்.

விஎல்சியை எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்று கடைத் தம்பியிடம் கேட்டேன். ஒரு பென்டிரைவைக் காட்டினார். 2022 தொடக்கத்தில் விஎல்சியை உருவாக்கும் வீடியோலான் அமைப்பின் இணையதளம் இந்தியாவில் திறக்காமல் போனது, அரசுத் தடை. அந்த ஆண்டு நவம்பரில், அவர்கள் சட்ட அறிவிக்கை அனுப்பிய பிறகே நீங்கியது. அசல் தளத்தை அடைத்தால் ஜனங்கள் விஎல்சியை விட்டுவிடவா போகிறார்கள்? கூகுளில் முதலில் கண்ணில் படும் போலித் தளத்துக்குப் போவார்கள். அப்படி வந்த குப்பையைத் துடைப்பதே வேலையாக இருந்தது என்றார். அன்றிலிருந்து அசல் கோப்பைப் பென்டிரைவில் பத்திரமாக வைத்திருக்கிறார். வீடியோவை விரிக்கும் துணை மென்பொருள், “கோடெக் பேக்” என்று ஏதாவது ஒரு தளம் நீட்டுவதைத் தொடவே கூடாது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

அழகு பார்த்தால் பாட்பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது. கொரியாக்காரர்களுடையது, நுணுக்கமான அமைப்புகள் ஏராளம். ஆனால் வீட்டில் எல்லோரும் தொடும் கம்ப்யூட்டருக்கு அத்தனை திருகாணி எதற்கு?

மதியத்துக்கு மேல் அரியலூர் பஸ். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு கல்யாண ஸ்டுடியோவில் எடிட்டிங் செய்கிறவரிடம் பேச வேண்டியிருந்தது. பார்க்கிறவன் பக்கம் மட்டும் கேட்டால் பாதிக் கதைதானே.

அவர் கம்ப்யூட்டரில் 4கே-யில் எடுத்த ஒரு வரவேற்பு ஓடிக்கொண்டிருந்தது, வெண்ணெய் போல. அதே கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, பக்கத்திலிருந்த ஒரு பழைய அரசு லேப்டாப்பில் போட்டார். நாதஸ்வரம் தடையில்லாமல் வருகிறது; மணமக்கள் மட்டும் விட்டுவிட்டு நகர்கிறார்கள். விஎல்சியை மூடிவிட்டு எம்பிசி-எச்சி போட்டார். பழைய இயந்திரத்துக்குப் பாரம் குறைந்த பிளேயர் அது. சாதாரண எச்டி படமென்றால் அதில் நன்றாகவே ஓடும். இந்தக் கோப்புக்கு அதுவும் மூச்சு வாங்கியது.

“பிளேயர மாத்தி என்னண்ணே பண்றது? கன்ட்ரோலையும் ஜே-யையும் சேர்த்து அழுத்துங்க” என்று மறுபடி விஎல்சியைத் திறந்தார். கோடெக் விவரம் வந்தது. எச்.265. 2013-ல் தரநிலையான இந்த வடிவம், அதே தரத்தைக் கிட்டத்தட்டப் பாதி அளவில் அடக்கும். ஆனால் அதை விரிக்கச் சிப்பிலேயே தனி ஏற்பாடு வேண்டும். இன்டெலில் 2015-க்குப் பிறகு வந்த சிப்புகளில்தான் அது ஒழுங்காக வந்தது. அதற்கு முந்தைய லேப்டாப்பில் எந்த மென்பொருளைப் போட்டாலும் பிராசசர் தனியாக இழுத்துத் திணற வேண்டியதுதான்.

ஆக, வீட்டில் என்ன கோப்பு இருக்கிறது, எந்தக் காலத்துப் பெட்டி என்று பார்த்துவிட்டே பிளேயர் பக்கம் வர வேண்டும். டிவிடியும் விசிடியும் இருந்தால் விஎல்சி. 2 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் பெட்டிக்கு எம்பிசி-எச்சி. லினக்ஸ் போட்டிருந்தால் எஸ்எம்பிளேயரும் சிக்கனமானது. ஐபோனில் எடுத்ததையெல்லாம் பார்க்கும் வீட்டில் எச்.265-ஐத் தவிர்ப்பது கடினம். பெட்டியை மாற்றுவது ஒரு வழி.

இப்போதெல்லாம் ஆர்டர் எடுக்கும்போதே, “வீட்ல எதுல பார்ப்பீங்க?” என்று கேட்டுவிடுகிறாராம் எடிட்டர். பழைய லேப்டாப், டிவியில் செருகும் பென்டிரைவ் என்று பதில் வந்தால் எச்.264-ல் எம்பி4 ஆக ஒரு பிரதி தனியாகப் போட்டுத் தருகிறார். அதற்குத் தனிக்காசு வாங்குவதில்லை. மறுநாள் வரும் போன்கால் மிச்சம் என்றார்.