இறக்கமும் பிறேக்கும்

சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மழையையும் அட்டையையும் எழுதுவர். பாதையின் இறக்கத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். கலைப்பீட மாணவனொருவன் பிறேக்கைப் பற்றி எழுதுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் இறக்குவானைப் பக்கத்து மலைத்தோட்டமொன்றிற் பிறந்தவனுக்கு அது அந்நியமான பொருளன்று.

தோட்ட லொறிச் சாரதியாயிருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகிறார். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை உற்பத்தியான இக்கார் நம் நாட்டில் இத்துணைக் காலம் நிலைத்தமைக்கு அதன்மீதுள்ள அபிமானம் மட்டும் காரணமன்று. 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு பழையதைப் பேணுமாறு மக்களை நிர்ப்பந்தித்தது. 2020 மார்ச்சில் மீண்டும் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது.

இக்காரின் பிறேக் எண்ணெய் நிற்கும் பிரதான உருளை சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழ் உள்ளது. விரிப்பை நீக்கி, மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்னரே அதைத் திறத்தல் வேண்டும். நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய் வழி ஒன்றே. ஒரு குழாய் வெடித்தால் எஞ்சுவது பின் சில்லுகளைப் பற்றும் கைப்பிறேக் மட்டுமே. முன் சில்லுகளின் கட்டைகள், முன்னோக்கி ஓடும்போது உருளையின் சுழற்சியாலேயே மேலும் இறுகுமாறு அமைந்தவை. கார் பின்னோக்கி உருளும்போது அவ்வுதவி கிட்டாது. ஏற்றத்தில் நிறுத்தினால் பின்சில்லுக்குக் கல் வைக்கும் வழக்கத்தின் நியாயம் இதுதான். சிறுவயதில் அக்கல் வைப்பது என் உத்தியோகம்!

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இத்தொல்லை குறைவு. கம்பியும் கேபிளுமே அவற்றை நிறுத்துவன. கொதிப்பதற்கு எண்ணெய் இல்லை.

ஆம், பிறேக் எண்ணெய் கொதிக்கும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை தாங்கவேண்டும் என்பது நியமம். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு நீர் சேர்ந்ததும் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியில் ஈரத்துக்கா பஞ்சம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நள்ளிரவு, எங்கள் லயத்துப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி கண்டது. தோட்ட வாகனம் அன்று கிடைக்கவில்லை. பெரியப்பா காரை எடுத்தார். கல் வைப்பவனாக நானும் ஏறினேன். பாதி இறக்கத்தில் கருகல் நாற்றம் எழுந்தது. சிறிது நேரத்தில் பெடல் தரைவரை தாழ்ந்தது. அவர் பேசவில்லை. இரண்டாம் கியரிலிருந்து முதலாவதுக்கு மாற்றி, கைப்பிறேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து, மலைப்பக்க மண் திட்டில் காரை உரசி நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். அப்பெண் வேறொரு வானில் ஆஸ்பத்திரி சேர்ந்தாள். தாயும் சேயும் நலம்.

மறுநாள் கழற்றிப் பார்த்தபோது உருளையின் இறப்பர் கிண்ணங்கள் ஊதிப் பருத்திருந்தன. கடையொன்றில் பிறேக் எண்ணெயென விற்ற போத்தலில் இருந்தது கனிய எண்ணெய். பருத்த கிண்ணம் எண்ணெய் திரும்பும் சிறு துளையை அடைத்துவிட, கட்டைகள் விடுபடாமல் உரசி, சூடேறி, எண்ணெய் கொதித்திருக்கிறது. ஒரு கிண்ணத்தின் விலை சொற்பமே. அவ்விரவில் காரில் இருந்தோர் மூவர். பிறவாத குழந்தையோடு நால்வர்.

இப்போது முத்திரை உடையாத போத்தலையே அவர் வாங்குகிறார். மாதந்தோறும் சில்லை உயர்த்தி, கையாற் சுழற்றி, உரசும் ஒலி கேட்குமட்டும் முடுக்கி, பின் ஒரு பல் தளர்த்துகிறார். உருளைக்குள் படிந்த தூசியை வாயால் ஊதுவதை மட்டும் நிறுத்தவில்லை. பழைய கட்டைகளில் கல்நார் உண்டு, அது நுரையீரலைக் கெடுக்கும், ஈரத்துணியால் துடையுங்கள் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்கிறேன். “அம்பது வருசமா ஊதுறேன் தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த சில்லுக்கு நகர்கிறார்.