வில்லுக்கத்தியும் அரசர் கத்தியும்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

இரவு ரொறன்ரோவிலிருந்து பெறாமகன் எடுத்தான். முகநூலில் கண்டிக் கத்தி ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "சித்தப்பா, பிஹா கத்தி. ராஜாதி ராஜசிங்கன் காலத்துச் சாமானாம். மூண்டரை லட்சம்தான் சொல்லுறான். அரைவாசிக் காசை இப்ப போட்டால் வேற ஆக்களுக்குக் குடுக்காமல் வைச்சிருப்பானாம். ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

ஐந்து படம் அனுப்பினான். மணிக்கூடு திருத்துகிற லென்ஸ் கைபேசித் திரைக்கு உதவாது. மகளின் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. கனத்த அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர். அலகு பிடியோடு சேரும் இடத்தில் வெள்ளியும் பித்தளையும் இழைத்த கொடிவேலை. கொம்புப் பிடி. மர உறையின் பக்கத்தில் எழுத்தாணி செருக ஓர் இடம். கண்டி அரசரின் பட்டறைகளில் செய்து பிரதானிகள் இடுப்பில் செருகிய கத்திக்கு இந்த அமைப்புத்தான்.

ஆனால் நாலு படத்தில் கத்தி சாம்பல் நிறத் துணியில் கிடக்கிறது, ஓரத்தில் அளவுகோல். ஐந்தாவதில் சாப்பாட்டு மேசை. நாலு படத்திலும் உறையில் மூன்று வெள்ளிப்பட்டி. ஐந்தாவதில் இரண்டு. காசு போடாதே, ரெண்டு நாள் பொறு என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

சாம்பல் துணிப் படங்களைக் கூகிள் லென்ஸில் போட்டதும் விடை வந்துவிட்டது. லண்டன் ஏல நிறுவனம் ஒன்றின் பழைய விற்பனைப் பட்டியல். அந்தக் கத்தி எப்போதோ விலைபோய்விட்டது. சாப்பாட்டு மேசைப் படத்துக்கு மட்டும் பொருத்தம் ஏதும் வரவில்லை. அது விற்பவனின் கையில் உண்மையாகவே இருக்கிற கத்தியாக இருக்கலாம். கண்டிப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கென்று இன்றைக்கும் இந்தச் சாயலில் புதுக்கத்தி செய்கிறார்கள். புதிது என்று சொல்லிப் புதிதின் விலைக்கு விற்றால் வாங்குவதில் ஒரு பிழையும் இல்லை.

பெறாமகன் விடுவதாயில்லை. "ஆள் நல்ல மாதிரிக் கதைக்கிறான் சித்தப்பா. மேளின்ர கலியாணத்துக்காகத்தான் விக்கிறானாம்." கலியாணம், ஒப்பரேஷன், வெளிநாட்டுப் பயணம்: இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் சுத்துமாத்துக்காரன் எவனும் கடை விரிப்பதில்லை. இன்றைய வீரகேசரிக்குப் பக்கத்தில் கத்தியை உறையிலிருந்து கழற்றி வைத்து, அலகின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன்.

6 ஆகஸ்ட், புதன்

மத்தியானம் படம் வந்தது. வீரகேசரி இருக்கிறது, திகதியும் சரி. கத்தியின் நிழல் இடப்பக்கம் விழுகிறது. பத்திரிகை மடிப்பின் நிழல் வலப்பக்கம் விழுகிறது. ஒரே மேசையில் இரண்டு சூரியன். படத்தோடு செய்தியும்: விலையில் ஐம்பதாயிரம் குறைத்தாயிற்று, பின்னேரம் ஒரு வெள்ளைக்காரன் காசோடு வருகிறான், உடனே முடிவு சொல்லவேண்டும். வங்கிக் கணக்கு வேறொருவரின் பெயரில், வேறு ஊர்க் கிளையில். "மச்சானின்ர கணக்கு" என்றானாம்.

நிழலைப் பற்றி வாதாடப் போனால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பான். அவன் சொன்னதை முழுக்க உண்மை என்று எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் வழி. ராஜாதி ராஜசிங்கன் ஆண்டது 1782 தொடக்கம் 1798 வரை. எங்கள் தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2இற்கு முந்திய பொருளை அது தொல்பொருள் என்கிறது. தொல்பொருளைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டத்தின்படி இப்படியான பொருட்களை வியாபாரமாக விற்கிறவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இவனோ காசு வந்த மறுநாளே கூரியரில் கனடாவுக்குப் போடுகிறேன் என்கிறான். கத்தி அரசர் காலத்தது என்றால் அதை அப்படிப் போட முடியாது. அப்படிப் போடலாம் என்றால் அது அரசர் காலத்தது இல்லை. இதில் எது உண்மையானாலும் பெறாமகனுக்கு அந்தக் கத்தி வேண்டாம்.

"அனுமதிப்பத்திரத்தின்ர படத்தை அனுப்பச் சொல்லு. அதோட இந்தக் கத்தி ஆரிட்ட இருந்து ஆரிட்ட வந்தது எண்டும் கேள்" என்றேன். கேட்டான். இரண்டு நீல ரிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விற்பவனின் முகப்படம் மறைந்துவிட்டது. "என்னை புளொக் பண்ணிப்போட்டான் சித்தப்பா." பெரிய ஏமாற்றம் அவனுக்கு. எனக்கு நல்ல நித்திரை.

ஒரு கத்தி கைமாறி வந்த வழியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்களுடைய ஆட்கள் நினைக்கிறார்கள். 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்து கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்த ஆறு பொருளில் ஒன்று இப்படியான கத்திதான். மற்றவை லெவ்கேயின் பீரங்கி, பொன்னாலும் வெள்ளியாலும் இழைத்த இரண்டு வாள், இரண்டு சுவர்த்துப்பாக்கி. 1765இல் டச்சுக்காரர் கண்டியைப் பிடித்தபோது அள்ளிக்கொண்டு போனவை. அவை போன வழியை ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் ஆராய்ந்து முடித்த பிறகுதான் பொருள் அசைந்தது. அருங்காட்சியகமே கேட்கிற கேள்வியை முகநூல் வியாபாரியிடம் கேட்க என்ன வெட்கம்?

7 ஆகஸ்ட், வியாழன்

இன்றைக்கு விற்கிற பக்கத்தின் கூத்து. பக்கத்து வீட்டு ரீச்சரின் தகப்பனார் மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சனோடு ஊர் திரும்பியவர். அவருடைய வில்லுக்கத்தியைப் பேத்தி இணையத்தில் போட்டிருந்தாள், நாற்பத்தையாயிரம். ஆள் கேட்டு வந்துவிட்டது என்று ரீச்சர் கத்தியோடு கடைக்கு வந்தார்.

லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். இரண்டு அலகு, மான்கொம்புப் பிடி. பெரிய அலகின் அடியில் முடியோடு ஜீ, ஆர் எழுத்து, ஜோசப் ரொட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும். ஷெஃபீல்டில் 1682இல் பதிவான குறி அது. அடித்த அச்சில் விளிம்பு கொஞ்சம் மழுங்கி, குழியில் பழைய அழுக்குப் படிந்திருக்கிறது. லேசரால் பொறித்த போலியில் குழி ஆழமில்லாமல், ஒரே கறுப்பாக, சீராக இருக்கும். 'ரொட்ஜர்ஸ்' என்பதில் ஆங்கில 'டி' எழுத்து விடுபட்டிருந்தால் லென்ஸே தேவையில்லை. இதற்குப் போலி போடுவது இன்றைக்கு நேற்றைக்குத் தொடங்கியதல்ல. ஷெஃபீல்ட் பெயரை வெளிநாட்டுக் கத்திகளில் அடித்து விற்ற தொல்லையும் சேர்ந்துதான் 1887இல் பிரித்தானியாவில் வணிகக் குறிச் சட்டம் வந்தது.

கத்தி அசல். வாங்க வந்தவன்தான் போலி. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வங்கிச் சிலிப்பின் படம் அனுப்பியிருக்கிறான். 'ஸ்லிப்ஸ்' முறையில் போட்டது, வங்கி திறந்ததும் வரும், சனிக்கிழமை கூரியர்காரன் வருவான், கத்தியைக் கொடுத்துவிடுங்கோ என்கிறான். நாளைக்கு நிக்கினிப் போயா, பிறகு சனி, ஞாயிறு. திங்கள்வரை வங்கி இல்லை. நேரம் பார்த்துத்தான் எறிந்திருக்கிறான். 'செஃப்ற்ஸ்' முறையில் போட்டால் போயா என்ன, நடுச்சாமம் என்ன, காசு அந்த நேரமே கணக்கில் விழும். அதில் போடச் சொன்னோம். தன்னுடைய வங்கியில் அந்த வசதி இல்லையாம்.

கணக்கில் காசு வந்ததென்று ரீச்சருக்கு ஒரு எஸ்.எம்.எஸ்.உம் வந்தது. அனுப்பிய இடத்தில் வங்கியின் பெயருக்குப் பதிலாகச் சாதாரணக் கைபேசி இலக்கம் ஒன்று.

9 ஆகஸ்ட், சனி

கூரியர்காரன் வந்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ரீச்சர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். சற்றைக்குள் வாங்குகிறவன் லிங்க் ஒன்று அனுப்பினான்: இதில் காட் இலக்கத்தைப் போட்டு, வருகிற ஓ.ரி.பி.யைச் சொன்னால் காசு உடனே வருமாம். பேத்தி விரலை வைக்கப் போனாள். "பிள்ளை, காசு வர ஓ.ரி.பி. தேவையில்லை, போகத்தான் தேவை" என்று தடுத்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் ஏறவில்லை. சிலிப், எஸ்.எம்.எஸ்., லிங்க் எல்லாவற்றையும் பேத்தி திரைப்பிடியாக எடுத்து வைத்திருக்கிறாள். இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு எடுத்து விபரம் சொன்னோம். "காசு போகேல்லைத்தானே, பிறகேன் மினக்கெடுறியள்" என்றார் ரீச்சர். அடுத்த ஆளிடமும் இதே சிலிப்போடு போவான் ரீச்சர், அதற்குத்தான்.

14 ஆகஸ்ட், வியாழன்

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டன் ஹரோவிலிருந்து வந்து நிற்கிற ஒருவர் கத்தியைப் பார்க்கக் கேட்டார். கடைக்கு வரச் சொன்னேன். என் லென்ஸிலேயே குறியைப் பார்த்தார், அலகை விரித்து வில்லின் இறுக்கம் பார்த்தார், மலாயாக் கதை முழுவதையும் ரீச்சரிடம் கேட்டார். நாற்பதாயிரத்துக்குத் தீர்ந்தது. வங்கிக்குள் போய்க் காசாளர் முன்னால் ரீச்சரின் கணக்கில் காசை வைப்பிலிட்டார். புத்தகத்தில் பதிந்த பிறகு கத்தி கைமாறியது. பூட்டு விழாத, மூன்று அங்குலத்துக்குக் குறைந்த மடிப்புக் கத்தி என்பதால் பிரித்தானியாவில் அவருக்குத் தொல்லை இல்லை. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிப்பார்கள், பெட்டிக்குள் போடுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

ரீச்சர் கத்தியின் படம் ஒன்றையும், தகப்பனாரின் பெயரும் அவர் வேலைசெய்த இடமும் எழுதிக் கையொப்பமிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார். நாளைக்கு இந்தக் கத்தியை வாங்கப் போகிறவருக்கு அந்தத் தாள் நாற்பதாயிரத்தில் பாதி பெறும்.

18 ஆகஸ்ட், திங்கள்

பெறாமகன் முகநூல் இணைப்பு ஒன்று அனுப்பியிருக்கிறான். அதே சாம்பல் துணி, அதே அளவுகோல், உறையில் அதே மூன்று பட்டி. விற்பவனின் பெயர் வேறு. கத்தி இப்போது 1592இல் பட்டமேறிய விமலதர்மசூரியன் காலத்துக்குப் போய்விட்டது. காலம் இருநூறு வருடம் பின்னுக்குப் போக, விலை இரண்டு லட்சமாக இறங்கியிருக்கிறது.