சேற்றில் காலால் தேடியவர்கள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

மொரீஷியஸில் வேலை பார்க்கும் நம் பள்ளிப் பிள்ளை ஒருவன் அந்த நாட்டு ரூபாய் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். "டீச்சர், இதுல தமிழ் எழுத்து இருக்கு பாருங்க" என்று ஒரே சந்தோஷம் அவனுக்கு. எனக்கோ, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தத் தாளுக்குள் தெரிகிற டோடோ மேல்தான் கண் போனது. பறக்கத் தெரியாத, எப்போதோ அழிந்துபோன பறவையும் நம் எழுத்தும் ஒரே தாளில் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டோடோவைப் பாடத்தில் நடத்தியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், கொக்கி மாதிரி அலகு, பேருக்கு ஒரு சின்ன இறக்கை. வேறெங்கும் கிடையாது, மொரீஷியஸ் தீவில் மட்டும்தான். 1598-இல் டச்சுக்காரர்கள் அங்கே இறங்கினார்கள். டோடோவைக் கடைசியாகக் கண்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வது 1662-இல். நடுவில் 64 வருஷம், அவ்வளவுதான். மனிதர்கள் அடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேடு கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும். தரையில் கூடு கட்டுகிற பறவையின் முட்டையும் குஞ்சும் அவற்றிடம் எப்படித் தப்பும்?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர், படிப்பு மெதுவாக ஏறுகிற பிள்ளைகளை "டேய் டோடோ" என்றுதான் கூப்பிடுவார். வகுப்பே சிரிக்கும். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ஆசிரியர் அறையில் இதற்காக அவரோடு நான் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் கோபம் மட்டும்தான் இருந்தது, ஆதாரம் இல்லை. இப்போது இருக்கிறது. 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் டோடோவின் மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் செய்து மூளையின் அளவைக் கணக்கிட்டார்கள். உடம்புக்கு ஏற்ற மூளைதான், புறாக்களுக்கு இருக்கிற அதே விகிதத்தில். மோப்பம் பிடிக்கும் பகுதி மட்டும் புறாவுக்கு இருப்பதைவிடப் பெரியது. டோடோவே புறா இனம்தானே! இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா, நம் நிக்கோபார் தீவுகளில் இருப்பது. மனிதனைக் கண்டு டோடோ ஓடவில்லை என்பார்கள். துரத்துகிற மிருகமே இல்லாத தீவில் வாழ்ந்த பறவை எதற்கு ஓட வேண்டும்?

நான் சொல்ல வந்த விஷயமே வேறு. பறவை போன பிறகு 200 வருஷம் அதன் எலும்புகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தலையும் ஒரு காலும், கோபன்ஹேகனில் ஒரு மண்டையோடு, இன்னும் ஓரிரு துண்டுகள். அப்படி ஒரு பறவையே இருந்ததில்லை, மாலுமிகள் விட்ட கதை என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

ஜார்ஜ் கிளார்க் என்று ஒருவர், மொரீஷியஸின் மாயேபூர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். நம் ஜாதி! பாடம் நடத்திய நேரம் போக, பல வருஷம் டோடோ எலும்பைத் தேடி அலைந்தார். 1865-இல் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் மார் ஓ சோன்ஜ் என்ற சதுப்பில் உரத்துக்காக மண் வெட்டினார்கள். ஆமை எலும்புகள் வந்தன. கிளார்க் ஓடினார். ஓரத்தில் தேடி ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் மூன்றடி ஆழத் தண்ணீர், அதற்கு அடியில் சேறு. அதில் கூலி ஆட்களை இறக்கினார். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவினார்கள். காலில்தான் பட்டது டோடோவின் கால் எலும்பு.

நாற்று நட்டவர்களுக்கு இது புரியும். சேற்றுக்குள் கல் எது, கட்டை எது, நத்தை ஓடு எது என்று கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும்.

முழுக்கக் கல்லாக மாறாத எலும்புகள் அவை. அரைப் புதைபடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 வருஷத்துக்கு மேல் அந்தச் சேறு அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. பெட்டி பெட்டியாக லண்டன் போயின. ரிச்சர்ட் ஓவன் என்ற பெரிய விஞ்ஞானி அடுத்த வருஷமே அவற்றைப் பற்றி எழுதினார். ஆனால் பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து, அந்தக் குண்டு உருவத்துக்குள் எலும்புகளைத் திணித்துவிட்டார். சில வருஷம் கழித்து அவரே நிமிர்த்தி வைத்தார். ஓவன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கிளார்க் பெயரும் இருக்கிறது. சேற்றில் இறங்கியவர்கள் அவர் எழுதியதில் வெறும் கூலிகள்.

அந்தக் காலத்தில் மொரீஷியஸ் கரும்புத் தோட்டக் கூலிகள் என்றால் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் போனவர்கள். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர். சென்னையில் கப்பல் ஏறியவர்களும் அதில் உண்டு. என் அப்பத்தா சொல்வார், அவருடைய தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், கோபித்துக்கொண்டு "மோரீசுத் தீவுக்கு" போனவர் திரும்பவே இல்லையாம். வீட்டில் அவருக்கும் சேர்த்துப் படையலில் ஒரு இலை போடுவோம். பெயர் சொல்லிக் கும்பிட்டதில்லை, "மோரீசுக்காரர்" என்றுதான். அவர் அந்தச் சதுப்பில் இறங்கினார் என்று நான் கதை கட்டவில்லை. ஆனால் நோட்டின் படத்தைப் பார்த்த அன்றைக்கு இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் பழைய பதிவேடுகள் அங்கேதான் பாதுகாப்பாக இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஊர், வந்த கப்பல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பையன் லீவு போட்டுவிட்டுப் போய்த் தேடித் தருகிறேன் என்கிறான். அப்பத்தா வழிச் சொந்தங்களே, பழைய பத்திரமோ, பிராமிசரி நோட்டோ, ஜாதகக் கட்டோ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். மோரீசுக்காரரின் பெயர் எதிலாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். பெயர் முழுதாக வேண்டும், அவருடைய தகப்பனார் பெயரோடு.