வாசலில் மண்ணா, கல்லா?

வீட்டைச் சுற்றி மிஞ்சும் இடத்தை என்ன செய்வது என்பதில் கணவன் மனைவிக்குள் ஒத்துப்போவது எளிதல்ல. ஒருவருக்கு மண்ணும் மரமும் வேண்டும். மற்றவருக்கு மதில்வரை பேவர் பிளாக் பதித்துவிட வேண்டும்.

மண் கேட்பவரின் கணக்கு வலுவானது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை உண்டு. 500 சதுர அடித் தரையில் விழுவது 60,000 லிட்டருக்கு மேல். மொத்தமாகச் சிமெண்ட் பூசினால் அதில் பெரும்பகுதி தெருவுக்கு ஓடிவிடும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. ஆனால் மொட்டைமாடித் தண்ணீரைக் குழாயில் இறக்குவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

கல் கேட்பவருக்கும் மரத்தின்மேல் பகை கிடையாது. பெரும்பாலும் விடியற்காலையில் வாசல் பெருக்கிக் கோலம் போடுபவர் அவர்தான். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். பிறகு பூ கொட்டும். ஆனி, ஆடியில் பழம் விழுந்து தரை பிசுபிசுக்கும். மரத்தின் அருமையைப் பேசுபவர் ஒருவர், துடைப்பம் பிடிப்பவர் இன்னொருவர் என்றால் அந்த மரம் நெடுநாள் நிலைக்காது. மரம் கேட்டவரே சருகையும் அள்ளுவதுதான் நியாயம். வேலை கைமாறினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி பயம். அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. பாம்பு எலியையும் தவளையையும் தேடித்தான் வரும்; செங்கல் குவியலும் விறகு அடுக்கும் அதற்குப் புகலிடம். அவற்றை அகற்றினால் செடிகளைக் குறைசொல்ல வேண்டியதில்லை. டெங்கு பரப்பும் கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். முருங்கை விஷயத்தில் மட்டும் பயப்படுபவர் பக்கமே நியாயம் அதிகம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் கொத்தாக அப்பிக்கொள்ளும். மேலே பட்டால் தடித்து அரிக்கும். ஆகவே முருங்கை சன்னலோரம் வேண்டாம், கொல்லைக் கோடியில் இருக்கட்டும். காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும்.

சமையலறைக் கழிவை உரமாக்கும்போது வரும் நாற்றமும் அடிக்கடி சண்டைக்குக் காரணமாகிறது. ஈரம் மிகுந்து காற்று புகாமல் போவதால் வருவது அது. ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை காய்ந்த சருகு என்று மாற்றி மாற்றிப் போட்டால் நாற்றம் அடங்கும். எரிக்கவிருந்த சருகுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

இடத்தைப் பகிர்வதிலும் வழி உண்டு. கோலம் போடும் வாசலும் வண்டி நிற்கும் இடமும் கல்லாக இருக்கட்டும். பக்கவாட்டுச் சந்தும் கொல்லையும் மண்ணாக இருக்கட்டும். கல்லைக் கான்கிரீட்மேல் ஒட்டாமல் மணல் பரப்பி அதன்மேல் பதித்து, இடுக்குகளில் சிமெண்ட் பூசாமல் விட்டால், அங்கேயும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும்.